‘சாரி’ என்ற சொல்லும் சதுரகராதியும்

மறைக்கல்வி வகுப்பு முடிந்த ஒரு ஞாயிறு நண்பகலில், ஏழாம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி ஆங்கிலக் குறிப்பேட்டை மார்போடு அணைத்தபடி பங்கு இல்லத்தின் படியேறி வந்தாள். பள்ளியில் வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஓர் ஆங்கிலச் சொல். அதை எங்கே பிரிக்கலாம் என்று சிறுகோடிட்டுக் காட்ட வேண்டும். அதன் பொருள்களைத் தமிழில் எழுத வேண்டும். அதே பொருள் தரும் வேறு சொற்கள் மூன்றையும் எழுத வேண்டும். அவளுக்கு வாய்த்த சொல் ‘சாரி’.

“பிரிச்சுட்டேன் ஃபாதர். ரெண்டு ‘ஆர்’ எழுத்துக்கும் நடுவுல கோடு. மீனிங் ‘மன்னிப்பு’ன்னு எழுதிட்டேன். இன்னும் மூணு வார்த்தை வேணும், கிடைக்க மாட்டேங்குது” என்றாள்.

நாமும் எளிதாகத்தான் எண்ணினோம். ‘மன்னிப்பு, பொறுத்தருளல், வருத்தம்’ என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவள் எவருடைய பேத்தி என்பது நினைவுக்கு வரவே, நா எழவில்லை. நாளை வா என்று அனுப்பிவிட்டு, அலமாரியிலிருந்து வீரமாமுனிவரின் சதுரகராதியை எடுத்துத் தூசி தட்டினோம். அன்றிரவு அந்நூலைப் புரட்டியபோது எழுந்த எண்ணங்களே இக்கட்டுரை. நூலைப் பற்றிய மதிப்பீடாகத் தொடங்கியது, நம்மைப் பற்றிய மதிப்பீடாக முடிந்தது.

இத்தாலி நாட்டில் 1680 இல் பிறந்த கொஸ்தான்சோ பெஸ்கி அடிகளார், மதுரை மறைப்பணித்தளத்தைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி. தேம்பாவணியால் புலவர் உலகிலும், பரமார்த்த குருவின் கதையால் பாமரர் உலகிலும் நிலைபெற்றவர். அவர் 1732 இல் தொகுத்தது சதுரகராதி. அகராதிப் பணி இம்மறைப்பணித்தளத்துக்குப் புதிதன்று. அவருக்கு முன்னரே, இதே தளத்தில் உழைத்த அந்தம் தெ புரோயென்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துக்கீச அகராதி 1679 இல் அம்பலக்காட்டில் அச்சாகியிருந்தது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த அதன் படியைக் கொண்டு 1966 இல் கோலாலம்பூரில் மறுபதிப்பு வெளியிட்டவர் தனிநாயக அடிகளார். பின்னாளில், 1913 இல் தமிழ்ப் பேரகராதிப் பணி தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியர் பொறுப்பை ஏற்றவரும் மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மறைத்தொண்டர் ஜே. எஸ். சாண்ட்லர் அவர்களே. வைகைக்கரை மண்ணில் நெல்லோடு சொல்லும் விளைந்திருக்கிறது என்று பெருமைப்படலாம்.

சதுரகராதிக்கு முன்பு தமிழர் சொற்பொருள் அறிய நிகண்டுகளையே நாடினர். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகியவை செய்யுளால் ஆனவை. மனப்பாடம் செய்தவருக்கே அவை பயன்பட்டன. முனிவர் செய்த மாற்றம், சொற்களை அகர வரிசையில் நிறுத்தி, செய்யுளை விடுத்து, தேடுவோர் எவரும் கண்டுகொள்ளும்படி அமைத்தது. அதனினும் பெரியது, நூலை நான்காகப் பகுத்த அறிவு. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தருவது பெயரகராதி. ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தருவது பொருளகராதி. எண்ணால் தொகுத்து வழங்குவனவற்றைக் கூறுவது தொகையகராதி. எதுகைக்கு உதவும் சொற்களை அடுக்கித் தருவது தொடையகராதி. ஒரு சொல்லை நான்கு வாயில்கள் வழியே அணுகலாம் என்று அவர் காட்டினார். அந்தச் சிறுமியின் சொல்லையும் அவ்வாயில்கள் வழியே அழைத்துச் சென்று பார்ப்போம்.

முதலாவது, பெயர். ‘சாரி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் என்ன? அது புண், நோவு என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. துயரத்தைக் குறிக்கும் ‘சாரோ’ என்ற சொல்லுக்கு உடன்பிறந்தது போலத் தோன்றினாலும், பிறப்பால் இரண்டும் வேறு. ஆக, ‘நான் சாரி’ என்பவர் முதலில் சொல்வது ‘எனக்கு உள்ளே நோகிறது’ என்பதே. துக்க வீட்டில் சொன்னால் அது இரக்கம். காதில் விழாதபோது கேள்விக்குறியோடு சொன்னால் ‘மறுபடி சொல்லுங்கள்’ என்பது. ஒரு பொருளின் நிலைகுலைந்த தோற்றத்தைச் சொல்லும்போது ‘பரிதாபமான’ என்பது. குற்றம் செய்தவர் சொன்னால் மட்டுமே அது வருத்தம் தெரிவித்தல். பெரியார் பேருந்து நிலையத்தில் காலை மிதித்தவரும் ‘சாரி’ என்கிறார். பத்தாண்டு நட்பை மிதித்தவரும் ‘சாரி’ என்கிறார். மிதிபட்டவர்தாம் எது எதுவென்று பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் நோக்க வேண்டும். ‘நான் சாரி’ என்பது சொல்பவரின் நிலையைத் தெரிவிக்கும் வாக்கியம். கேட்பவரிடம் அது ஒன்றையும் வேண்டவில்லை. ‘மன்னியுங்கள்’ என்பதோ எதிரில் இருப்பவரை நோக்கி நீட்டிய கை. அவர் பற்றினால்தான் அது நிறைவேறும், பற்றாமலும் போகலாம். அந்த அச்சம் ‘மன்னியுங்கள்’ என்பதில் உண்டு, ‘சாரி’யில் இல்லை. நம் நாவு ‘சாரி’யை விரும்புவதற்கு ஆங்கில மோகம் மட்டுமே காரணமன்று, இந்தப் பாதுகாப்பும் காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, பொருள். இங்கேதான் முனிவரின் பகுப்பு நமக்குக் கண் திறக்கிறது. ஒரு சொல்லின் பல பொருள் என்பது ஒரு கேள்வி; ஒரு பொருளின் பல சொல் என்பது வேறு கேள்வி. ‘சாரி’க்கு மூன்று மாற்றுச் சொல் எழுதச் சொல்லும் வீட்டுப்பாடம் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. எந்தப் பொருளில் வந்த ‘சாரி’க்கு மாற்று என்று கேட்காமல் மாற்று சொல்ல இயலாது.

குற்றம் உணர்ந்து வருந்தும் பொருளுக்குத் தமிழில் சொல் பஞ்சமில்லை. நம் பாட்டிமார் செபித்த ‘உத்தம மனஸ்தாப’ மந்திரத்தை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். மனஸ்தாபம் என்றால் மனம் வெந்து காய்தல். வியப்பு என்னவெனில், அதே சொல் இன்று வீதியில் இருவருக்கு இடையிலான பிணக்கைக் குறிக்கிறது. கோயிலுக்குள் பிணக்குத் தீர்க்கும் சொல், கோயில் வாசலில் பிணக்காகவே நிற்கிறது! ‘கழிவிரக்கம்’ என்பதும் அத்தகையதே. கழிந்துபோன செயலுக்கு இரங்குதல் என்ற நல்ல பொருள் தேய்ந்து, தன்னைத் தானே நினைத்து இரங்குதல் என்று பலர் இன்று எழுதுகின்றனர். இலத்தீன் மரபோ ‘நொறுங்குதல்’ என்னும் உருவகத்தைக் கைக்கொண்டது. 51 ஆம் திருப்பாடலின் நொறுங்கிய நெஞ்சமே அதற்கு ஊற்று. காய்தல், இரங்குதல், நொறுங்குதல் ஆகிய மூன்றும் ஒருபொருட் பன்மொழி என்று அகராதி அடுக்கலாம்; பட்டவருக்கு மூன்றும் மூன்று.

மன்னிப்புக் கேட்கும் பொருளுக்கு வருவோம். இயேசு கற்பித்த செபத்தில் நம் முன்னோர் ‘பொறுத்தருளும்’ என்றனர். நாம் இன்று ‘மன்னியும்’ என்கிறோம். மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் அவ்விடத்தில் வருவது ‘கடன்’. அதை ‘விட்டுவிடும்’ என்பதே வேண்டுதல். மூன்று சொற்களும் மூன்று காட்சிகளைத் தருகின்றன. கடன் சீட்டைக் கிழிப்பவர் ஒருவர். சுமையைத் தோள்மேல் தாங்குபவர் ஒருவர். ‘பொறு’ என்னும் தமிழ் வேர்ச்சொல்லுக்குத் தாங்குதல், காத்திருத்தல், குற்றத்தைப் பாராட்டாதிருத்தல் ஆகிய மூன்றும் பொருளாகும். திருவள்ளுவர் பொறையுடைமைக்குத் தன்னைத் தோண்டுவோரையும் சுமக்கும் நிலத்தையே உவமையாக்கினார். வடமொழியிலும் ‘க்ஷமா’ என்பதற்குப் பொறுமை என்றும் பூமி என்றும் இரு பொருள் உண்டு. இன்னும் ஒன்று: ‘பொறுப்பு’ என்னும் சொல்லும் அதே வேரில் கிளைத்ததே. ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்பவர், தம் செயலின் சுமையைப் பிறர் தோளில் வைப்பதை உணர்ந்து கேட்கிறார். அச்செயலுக்குப் பொறுப்பையும் தாமே ஏற்கிறார். ‘பொறுத்தருளும்’ என்ற பழைய சொல்லை நாம் கைவிட்டிருக்க வேண்டுமா என்ற ஐயம் நமக்கு உண்டு. எளிமை கருதி மாற்றினோம்; எளிமையோடு சுமையும் நீங்கிவிட்டது.

சதுரகராதியின் குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். சொற்களை வரிசையாக நிறுத்துகிறது. ஆனால் எச்சொல்லை யார் யாரிடம் எப்போது சொல்வார் என்று அது காட்டவில்லை. எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இல்லை. நிகண்டு வழிவந்த இலக்கியச் சொற்களே அதில் மிகுதி. கொடுந்தமிழுக்கெனத் தனி இலக்கணமே எழுதிய முனிவர், கொடுந்தமிழ்ச் சொற்களுக்கென ஐந்தாவதாக ஒரு வாயிலையும் சதுரகராதியில் அமைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று ஏங்குகிறோம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த பேரகராதி ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் திரட்டித் தந்தது. வழக்கிலுள்ள தமிழை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு விளக்கியது 1992 இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. ஆயினும் எந்த அகராதியும் ஓர் எல்லையில் நின்றுவிடும். சொல்லை எடுத்துக் கொடுக்கும்; நம் சார்பில் சொல்லித் தராது.

மூன்றாவது, தொகை. முக்கனி, நானிலம், ஐம்பொறி என்று எண்ணிட்டு வழங்குவன தொகை. மனந்திரும்புகிறவரின் செயல்களையும் திருச்சபை மூன்றெனத் தொகுத்தது: மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம். திரிதெந்தின் பொதுச்சங்கம் 1551 இல் இதைத் தெளிவாக வரையறுத்தது. அதற்குப் பின் முப்பது ஆண்டுகள் கழிவதற்குள், 1580 இல், முத்துக்குளித்துறையின் அண்ட்ரிக் அடிகளார் பாவ அறிக்கைக்கு வழிகாட்டும் ‘கொம்பெசியோனாயரு’ என்னும் நூலைத் தமிழில் எழுதிக் கொச்சியில் அச்சிட்டார். தமிழில் அச்சான தொடக்க நூல்களுள் ஒன்று, ‘என்ன செய்தேன்’ என்று சொல்லக் கற்றுக்கொடுக்கும் நூல் என்பது எண்ணத்தக்கது.

அருளடையாளத்தில் நாம் கேட்பவை நம்மோடு கல்லறைக்கு உரியவை. அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதுவதற்கில்லை. ஆனால் பொதுவாழ்வில் எவரும் காணக்கூடியது இது: ‘சாரி’ என்ற ஒரு சொல் இம்மூன்றின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. ‘அதுதான் சாரி சொல்லிட்டேனே’ என்ற பேச்சைக் கேளாத குடும்பம் உண்டோ? துயரம் சொல்லப்பட்டது என்பதால் அறிக்கை வேண்டாம். சொல் வந்துவிட்டது என்பதால் பரிகாரம் வேண்டாம். நற்செய்தியில் ஊதாரி மகன், தான் எவருக்கு எதிராகப் பிழைத்தான் என்பதைச் சொல்ல வழியெல்லாம் சொற்களைக் கோத்துக்கொண்டு வருகிறான். சக்கேயு வருத்தம் என்றே வாய் திறக்கவில்லை. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்லி எழுந்து நிற்கிறார். மத்தேயு நற்செய்தியிலோ, காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகும்படி ஆண்டவர் சொல்கிறார். பாவசங்கீர்த்தனம் என்ற பழம்பெயரை மாற்றி ‘ஒப்புரவு’ என்று நாம் வழங்குவதும் அதனாலன்றோ? திருக்குறளில் ஒப்புரவு என்பது உலகோடு இசைந்து பிறருக்கு உதவி வாழ்தல். பெயரிலேயே பிறர் இருக்கிறார்.

நான்காவது, தொடை. சாரி, மாரி, வாரி, காரி, பாரி என்று எதுகை தட்டாமல் ஓடுகிறது. நேர் நேர் தேமா. நாவில் வழுக்கிக்கொண்டு போகும் சொல். தமிழிலும் ‘சாரி’ உண்டு; வரிசை என்று பொருள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரையைச் சுற்றிய ஊர்களிலிருந்து மக்கள் சாரிசாரியாக வருவர். நம் வாயிலிருந்தும் இன்று ‘சாரி’கள் சாரிசாரியாகத்தான் புறப்படுகின்றன. எதுகையில் நின்ற பாரியையும் சற்றே நினைத்துக்கொள்வோம். முல்லைக்கொடியைப் பார்த்து வருத்தம் தெரிவித்துவிட்டு அவன் தேரை ஓட்டிக்கொண்டு போகவில்லை. தேரை நிறுத்திவிட்டு நடந்து போனான்.

இனி, நாம் அந்தச் சிறுமியின் முன் நா எழாது நின்ற காரணத்தைச் சொல்ல வேண்டும். அவளுடைய தாத்தா நம் பங்கின் உபதேசியார். வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதியது அவரைப் போன்றோரை மனத்தில் வைத்தே. கண்மாய்க்கரை ஊர்களுக்கு மிதிவண்டியில் சென்று மந்திரம் கற்பித்தவர். ஒரு ஞாயிறன்று அவர் வாசக மேடையில் முதல் வாசகத்தைத் தொடங்கியதும், அது அன்றைக்குரியதன்று என்று கண்டு, பீடத்திலிருந்தே குரலுயர்த்தி நிறுத்தினோம். “பார்த்து வாசிக்கத் தெரியாதா?” என்றும் கேட்டுவிட்டோம். முந்நூறு பேர் கேட்டனர். அவர் பக்கத்தைப் புரட்டித் தேடியபோது கை நடுங்கியது. திருப்பலி முடிந்த பின்னரே கண்டோம்: முதல்நாள் இரவு வாசக நூலில் நாடாவை வேறோர் ஆண்டின் பக்கத்தில் வைத்தவர் நாமே.

திருவுடை களைந்துகொண்டே, அவர் முகத்தை நேரே பாராமல், “சாரி, உபதேசியாரே” என்றோம். “இருக்கட்டும் சாமி” என்றார் அவர். கடிந்துகொண்டது முந்நூறு பேர் முன்னிலையில்; வருந்தியது ஒருவர் முன்னிலையில், அதுவும் இரண்டெழுத்தில். அதன்பின் அவர் வாசக மேடை ஏறவில்லை. பார்வை மங்குகிறது என்று காரணம் சொன்னார். நாம் அதை நம்பிக்கொண்டோம். நம்புவது வசதியாக இருந்தது. அடுத்த ஆண்டு தவக்காலத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

மறுநாள் சிறுமி வந்தாள். சதுரகராதியைக் காட்டி நான்கு வாயில்களையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எங்க தாத்தாகிட்ட ‘சாரி’ன்னா ஒத்துக்க மாட்டாரு ஃபாதர். ‘என்ன செஞ்சேன்னு மொதல்ல சொல்லு, அப்பறம் என்ன செய்யப் போறேன்னு சொல்லு’ம்பாரு” என்றாள். திரிதெந்தின் சங்கம் வகுத்ததை அவர் தம் பேத்திக்கு ஒரு வரியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நம்மிடம் மட்டும் அதைக் கேட்கவில்லை. குருவானவரிடம் கேட்கலாகாது என்ற அவருடைய மரியாதையின் நிழலில் நாம் ஒளிந்துகொண்டோம்.

அவள் குறிப்பேட்டில் இட்டிருந்த சிறுகோட்டை அப்போதுதான் கூர்ந்து பார்த்தோம். தமிழ் ஓலைச்சுவடிகளில் அக்கோடு கிடையாது. ஓலை முடிந்த இடத்தில் சொல் நின்று, அடுத்த வரியில் தொடரும். பழைய அச்சு நூல்களில் கோடிட்டுப் பிரித்ததும் உண்டு, இடாமல் விட்டதும் உண்டு. செய்யுளில் சீருக்காகச் சொல் உடைவதை ‘வகையுளி’ என்பர் இலக்கணத்தார். பிரிக்கும் இடம் பிறழ்ந்தால் பொருளும் பிறழும். தாமரை என்னும் மலர் ‘தா, மரை’ என்று தாவும் மானாகிவிடும். ஆங்கிலத்தார் அச்சில் வரியின் ஓரத்தில் இடும் சிறுகோட்டுக்கு ஒரே பொருள்தான்: சொல் இன்னும் முடியவில்லை, மிச்சம் அடுத்த வரியில் இருக்கிறது. ‘சாரி’யை நாம் முற்றுப்புள்ளியாக வழங்குகிறோம். அது சிறுகோட்டோடு நிற்க வேண்டிய சொல். துயரம் இந்த வரியில். அறிக்கையும் பரிகாரமும் அடுத்த வரியில்.

உபதேசியாரின் முதலாண்டு நினைவுத் திருப்பலியில், மறையுரைக்கு முன் வாசக மேடையில் போய் நின்றோம். அந்த ஞாயிறன்று நாடாவைத் தவறாக வைத்தது யார், கடிந்துகொண்டது யார், வாசித்தவர் குற்றமற்றவர் என்பதை அதே மக்கள் முன்னிலையில் சொன்னோம். “பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று அவருடைய துணைவியாரிடம் கேட்டோம். அவர் எழுந்து கைகூப்பினார், ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் பொறுத்ததற்கு அடையாளமா என்று நாம் அறியோம். அறிய உரிமையும் இல்லை. காலம் கடந்த பரிகாரம் பாதிப் பரிகாரமே.

ஆகவே வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்தில் அகராதி இருந்தால் எடுத்துப் பாருங்கள்; சதுரகராதி கிடைத்தால் இன்னும் நன்று. பிள்ளைகள் ‘சாரி’ சொன்னால் தடுக்க வேண்டாம். அதுவும் ஒரு தொடக்கமே. ஆனால் அந்த உபதேசியார் கேட்ட இரண்டு கேள்விகளையும் அவர்களிடம் கேளுங்கள். அவர்களும் உங்களிடம் கேட்கட்டும். நாம் சொல்லிவிட்டு நடந்துபோன ‘சாரி’களுள் எத்தனை இன்னும் வரியோரத்தில் கோட்டோடு நிற்கின்றன என்று எண்ணிப் பார்ப்போம். உரியவர் உயிரோடு இருக்கும்போதே அடுத்த வரியை எழுதிவிடுவோம்.